யானை லத்தியின் இதயத் துடிப்பு

குளக்கரை வாகை மரத்தின் மேலே ஊகன் என்ற குரங்கு இருந்தது. மரத்தடியில் பொரியன் என்ற புள்ளிமான் இருந்தது. இரண்டும் ரொம்ப நாள் கூட்டாளிகள்.

ஊகன் தளிர் தின்னும்போது பாதியைக் கீழே உதிர்க்கும். பொரியன் பொறுக்கித் தின்னும். தலை குனிந்து மேய்கிற மானுக்குப் புதருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. உச்சியில் இருக்கிற குரங்குக்குத் தெரியும். சிறுத்தையைக் கண்டால் "கக்கர், கக்கர்" என்று ஊகன் அலறும், பொரியன் ஓடிவிடும். ஊகன் தண்ணீர் குடிக்க இறங்கினால், பொரியன் காற்றை மோந்தபடி காவல் நிற்கும்.

ஆபத்தே இல்லாத நாளிலும் மேலிருந்து ஒரு குரல் வரும்.

"மாப்ளே, இருக்கியா?"

"இருக்கேன் மச்சான்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த நாட்களில் குளக்கரைப் புல்லே தனி ருசியாக இருந்தது.

பக்கத்துக் கிளையில் வம்பன் என்ற மைனா. அது பேசாத குரல் கிடையாது. தவளை மாதிரி கத்திக் கொக்கை அலைய விடும். வனக்காவலர் ஜீப் மாதிரி உறுமிக் காட்டுப்பன்றிகளை ஓட வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரிக்கும்.

ஒருநாள் காடு பார்க்க வந்த யாரோ கையில் கட்டும் பட்டை ஒன்றைக் குளக்கரையில் விட்டுப் போனார்கள். மேலே ஒரு இதயப் படம். அடியில், தோலைத் தொடும் பக்கத்தில், துடிப்பை அறிய ஒரு சின்னப் பச்சை விளக்கு. கட்டியவரின் நெஞ்சு துடிக்கிற வேகத்தில் படமும் துடிக்கும். மெதுவாக என்றால் படம் பச்சை, வேகமாக என்றால் சிவப்பு. வெயில் பட்டாலே அதற்கு உயிர் வந்துவிடும். மனிதர்கள் அதைப் பார்த்துப் பார்த்து நடப்பதை ஊகன் மரத்திலிருந்து கவனித்திருந்தது. அதை எடுத்துப் பொரியனின் முன்னங்காலில் இறுக்கிக் கட்டியது.

படுத்திருந்த மானுக்குச் சிவப்பு எரிந்தது.

"என்ன மாப்ளே, சும்மாதானே கிடக்க? நெஞ்சு ஏன் இந்த ஓட்டம் ஓடுது?"

தேடிப் பார்த்தால், அதே காலில் குளம்புக்குள் முள். கால் வீங்கி, காய்ச்சல் உள்ளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஊகன் பல்லால் கடித்து முள்ளைப் பிடுங்கியது. வீக்கம் வற்றியது. பட்டையும் பச்சைக்கு மாறியது.

"இது இல்லேன்னா உன் காலே போயிருக்கும்" என்றது ஊகன். அது உண்மைதான்.

அன்றிலிருந்து ஊகனுக்குப் பட்டைதான் எல்லாம்.

"இனி நான் காடு முழுக்கக் கண்ணை ஓட்ட வேண்டியதில்ல மாப்ளே. ஆபத்து வந்தா நீ பயப்படுவ. பயந்தா சிவப்பு எரியும். கீழ ஒரு பார்வை போதும்."

"சரி மச்சான்" என்றது பொரியன், புல்லைப் பார்த்தபடி.

அதன்பின் மேலிருந்து குரல் வரவில்லை.

வம்பனுக்கு இது போதாதா? ஊகன் குரலிலேயே கூப்பிட்டது. "மாப்ளே, இருக்கியா?"

பொரியன் சட்டென்று நிமிர்ந்தது. "இருக்கேன் மச்சான்." மேலே ஊகன் முதுகைக் காட்டிக்கொண்டு தளிர் மென்றுகொண்டிருந்தது. வம்பன் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளும் கூப்பிட்டது. கூப்பிடுவது யார் என்று தெரிந்தே பொரியன் பதில் சொன்னது. அப்புறம் வம்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"டேய் ஊகா, அவன் ஓடும்போது அந்தப் பட்டை குளம்புச் சத்தத்தையெல்லாம் நெஞ்சுத் துடிப்புன்னு எண்ணுது. ரோமம் நனைஞ்சா வாய்க்கு வந்ததைச் சொல்லுது" என்றது.

"உனக்குப் பொறாமை. உன் குச்சிக் காலுக்கு அது நிக்காதுல்ல."

வீக்கம் வற்றிய காலில் பட்டை தளர்ந்துகொண்டே வந்ததை ஊகன் கவனிக்கவில்லை. ஒரு மத்தியானம் அது நழுவி, மரத்தடியில் யானை போட்டுவிட்டுப் போன ஈர லத்தியின் மேல் விழுந்தது. பொரியன் பாட்டுக்கு மேய்ந்தபடி கோரைப்புல் பக்கம் போய்விட்டது. கோரைக்குள் சிறுத்தை பதுங்கியிருந்தது.

லத்தியின் ஈரத்தில் பட்டை குழம்பி, இதயப் படம் பச்சையாக, நிதானமாகத் துடித்தது.

"ஊகா, கோரைக்குள்ள சிறுத்தை" என்று வம்பன் பதறியது.

"போடா. பச்சை எரியுது பாரு. மாப்ளே நிம்மதியா இருக்கான்."

"அது மாப்ளே இல்லடா, லத்தி! லத்திக்கு நெஞ்சு துடிக்குது!"

"உன் விளையாட்டை வேற எவன்கிட்டயாவது வெச்சுக்க."

வம்பன் கோரைப் பக்கம் பறந்தது. "பொரியா, ஓடு, சிறுத்தை" என்றது.

பொரியன் சிரித்தது. "இன்னைக்கு இதுவா?"

சிறுத்தையின் வால் நுனி அசைந்தது. வம்பன் மூச்சை இழுத்து, தன் குரலை விட்டுவிட்டு, பழைய ஊகனின் குரலில் அலறியது.

"கக்கர், கக்கர்!"

பொரியன் யோசிக்கவில்லை. அந்தக் குரலுக்கு ஓடிப் பழகிய கால்கள் தாமாக ஓடின. பாய்ந்த சிறுத்தைக்கு வாய் நிறையக் கோரைதான் கிடைத்தது.

ஊகன் கிடுகிடுவென்று இறங்கி வந்தது. லத்தியைப் பார்த்தது. இதயப் படம் இன்னும் பச்சையாக, சந்தோஷமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்ததும் பொரியன் திரும்பியது. "நல்லவேளை மச்சான், நீ கத்தினே."

"நான் கத்தல மாப்ளே."

பொரியன் லத்தியின் மேல் கிடந்த பட்டையைப் பார்த்தது.

"நான் பயந்தாத்தான் அது சிவக்கும்" என்றது பொரியன். "நான் பயப்படுறதுக்கு முன்னாடி பாக்கத்தானே நீ மேல இருக்க?"

ஊகன் பட்டையைக் குளத்தில் கழுவியது. எறியவில்லை. மான் அசையாமல் படுத்திருக்கும்போது இறுக்கிக் கட்டி, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வைத்துக்கொண்டது. பிறகு உச்சிக்கு ஏறி, நாலு பக்கமும் நன்றாகப் பார்த்தது.

"மாப்ளே, இருக்கியா?"

பொரியன் முதலில் வம்பனைத்தான் பார்த்தது. வம்பன் அலகை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இருக்கேன் மச்சான்."

கருவி சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நண்பனைக் கண்ணால் பார்த்துக்கொள்ளும் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.