பதினாறாவது எண்

நவ்ஷாத் சாருக்கு வயது இருபத்தாறு. எனக்கு நாற்பத்தைந்து. அவர்தான் என் குரு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

தூத்துக்குடியில் ஒரு டயர் கடைக்கு மேலே அவருடைய கம்ப்யூட்டர் வகுப்பு. மூன்று மாதமாகப் போய்க்கொண்டிருந்தேன். அன்று மதியம், நின்றுவிடப்போகிறேன் என்று சொல்லத்தான் படியேறினேன்.

"ஏன்க்கா?" என்றார்.

"எண்ணைப் பார்த்தாலே எனக்கு இடம் மாறிப்போகுது சார். நாற்பத்தேழைப் பார்த்துட்டு எழுபத்துநாலு அடிக்கேன். இந்தக் கையை வச்சுக்கிட்டு என்னத்தப் படிக்க?"

விஷயம் அவருக்குத் தெரியும். ஒரு ஸ்கேன் சென்டர் வரவேற்பில் ஒன்பது வருடம் இருந்தேன். ஒரு அம்மாவின் போன் நம்பரில் இரண்டு எண்ணை மாற்றி அடித்துவிட்டேன். உடனே டாக்டரைப் பாருங்கள் என்ற செய்தி, ஏரலில் ஒரு வாழைக்காய் வியாபாரிக்குப் போய்விட்டது. நான்கு நாள் கழித்து அந்த அம்மா தானாக வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். மேனேஜர் எல்லார் முன்னாலும், "நாலாங்கிளாஸ் பிள்ளைகூட ஒழுங்கா எழுதுமே" என்றார். வேலை போனதைத் தாங்கிக்கொண்டேன். அந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை.

"சரிக்கா, உங்க இஷ்டம். போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன புரோகிராம் எழுதிட்டுப் போங்க. கிரெடிட் கார்டு நம்பரைச் சரியா அடிச்சிருக்கான்னு பார்க்கிறது."

பலகையில் வழியை எழுதிப்போட்டார். மொத்தம் பதினாறு எண். கடைசிக்கு முந்தின எண்ணில் தொடங்கி, பின்னாலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரண்டால் பெருக்கு. பெருக்கியது ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழி. பிறகு எல்லாவற்றையும் கூட்டு. பத்தால் மீதியில்லாமல் வகுபட்டால் சரி. அவ்வளவுதான் சங்கதி.

ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். பயிற்சிக்கென்று அவரே உண்டாக்கிய இருபது நம்பர்களை ஒரு தாளில் கொடுத்தார்.

"எல்லாம் சரியான நம்பர்தான். அடிங்க."

மூன்றாவது நம்பரிலேயே 'தப்பு' என்றது.

"புரோகிராம்ல ஏதோ கோளாறு சார்."

"தாளைப் பாருங்க."

பார்த்தேன். தாளில் முப்பத்தெட்டு. நான் அடித்திருந்தது எண்பத்துமூன்று. என் கைவேலைதான்.

திருத்தினேன். ஏழாவதில் மறுபடியும். பதினொன்றில் மறுபடியும். இருபது முடிவதற்குள் ஐந்து தடவை. முகமெல்லாம் எரிந்தது.

"பாருங்க, நானே எழுதின புரோகிராமும் என்னைக் காட்டிக்கொடுக்குது."

"இப்ப இருபதும் எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு."

"யார் அடிச்சது?"

"நான்தான்."

சார் தாளை எடுத்து மேசையில் விரித்தார். ஸ்கேலை நெடுக்காக வைத்து, எல்லா நம்பரிலும் கடைசி எண்ணை மட்டும் மறைத்தார்.

"மீதி பதினஞ்சு எண் இருக்கு. இதை மட்டும் அடிக்கும்போது ஒண்ணு மாறிப்போச்சுன்னா, புரோகிராம் சொல்லுமா?"

"எப்படி சார் சொல்லும்? பதினாறாவது இருந்தாத்தானே கூட்டிப் பார்க்க முடியும்?"

"தாளையும் எடுத்துட்டா, நான் சொல்வேனா?"

"உங்களாலயும் முடியாது."

"உங்க மேனேஜர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போன் நம்பர்ல இந்த மாதிரி ஒரு எண் இருக்காக்கா?"

யோசித்தேன். "இல்லையே."

"இல்ல. அங்க உங்களைத் தனியா விட்டுட்டாங்க."

அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டேன். வேலை போன இந்த ஏழு மாதத்தில் என்னிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச்சை மாற்றினேன்.

"அந்தப் பதினாறாவது எண் எதுக்கு சார்? அதுவும் கார்டுக்காரரோட நம்பர்தானா?"

"இல்லக்கா. முன்னால இருக்கிற பதினஞ்சை வச்சுப் போட்டது அது. வேற ஒரு வேலையும் அதுக்குக் கிடையாது. தப்பே பண்ணாத ஆளுக்கு அது வேண்டவே வேண்டாம்."

"பின்ன யாருக்கு?"

"மாத்தி அடிக்கிற கை ஒண்ணு என்னைக்காவது வரும்னு நினைச்சு, நீங்க பிறக்கிறதுக்கு முன்னாடியே முகம் தெரியாத ஒருத்தர் யோசிச்சு வச்சது. உங்களுக்குத்தான்."

நான் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"அந்த ஸ்கேன் சென்டர்ல இப்ப உங்க இடத்துல ஒருத்தி உட்கார்ந்து போன் நம்பர் அடிச்சுக்கிட்டு இருப்பா. அவளுக்கு நீங்க என்ன யோசிச்சு வைக்கப்போறீங்க?"