காலத்துக்கு முன் உடைந்த முத்துப்பானை

நன்றாக உட்கார்ந்துகொள்ளுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். நடுவில் கதையைக் கோட்டை விட்டவருக்கு அதற்குப் பதில் சொல்ல வராது.

நெய்தலூர் என்று ஒரு முத்துத்துறை. அங்கே கடலில் குளித்து முத்தெடுப்பவனுக்கு நாற்பதைத் தாண்டினால் மூச்சடக்க முடியாது, காதும் அடைத்துப்போகும். அப்புறம் சோற்றுக்கு என்ன செய்வான்? முன்பெல்லாம் பிச்சைதான் எடுத்தான். அந்தக் கண்றாவியைச் சகிக்காமல் துறையார் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கொரு மண்பானை. எடுக்கிற முத்தில் ஒரு பங்கை அவனவன் தன் பானையில் போட்டுவர வேண்டும். பானைகள் துறைத்தலைவர் வீட்டு அறையில் இருக்கும். மூச்சு தீர்ந்து கரையேறும் நாளில் உடைத்து முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன்பின் அவன் கடலில் இறங்கக்கூடாது.

அதற்கு முன்னால் உடைத்தால்? உடைக்கலாம், அவன் பானைதானே! மூன்றில் ஒரு பங்கு தண்டம், அவ்வளவுதான். அது மற்றவர்களுடைய பானைகளில் போய்ச் சேரும். வலிக்காத தண்டம் வைத்தால் திருவிழாவுக்குத் திருவிழா பானை உடையும் என்று துறையாருக்குத் தெரியாதா என்ன?

இன்னொரு வழக்கமும் உண்டு. குளிப்பவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருப்பான். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? கீழே மூச்சு முட்டினால் குளிப்பவன் கயிற்றை ஆட்டுவான், மேலே இருப்பவன் இழுத்துவிடுவான். ஒருவனுக்கு மூச்சு தீர்ந்ததா இல்லையா என்பதிலும் கயிற்றுக்காரன் வாக்குத்தான் முடிவு.

சாத்தன் அப்படியொரு கயிற்றுக்காரன். அவனும் கயிறு பிடிப்பதற்குக் கிடைத்த பங்கில் தனக்கென்று ஒரு பானை வைத்திருந்தான். அவன் தங்கை வெண்ணி. அவள் புருஷன் கொற்றன். முப்பது வயதுதான், அவனைப் போல மூச்சடக்குகிறவன் அந்தக் கரையிலேயே கிடையாது. கல்யாணமான நாள்முதல் அவன் கயிறு சாத்தன் கையில்தான்.

அந்த வெண்ணிக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. ஒருநாள் சாத்தன் போனபோது அவன் முகத்தைத் தடவிப் பார்த்து, "அண்ணே, நீ இளைச்சிட்டியா, இல்ல என் கைதான் அப்படிச் சொல்லுதா?" என்று கேட்டாள். சாத்தனுக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து அழுதான்.

அந்தச் சமயத்தில் கண்ணில் விழுந்த பூவை எடுக்கத் தெரிந்த வைத்தியர் ஒருவர் துறைக்கு வந்தார். காற்று திரும்பியதும் கப்பலேறிவிடுவார். அவர் கேட்டது கொற்றன் பானையில் இருந்த அளவுக்குச் சரியாக இருந்தது. தண்டம் போனால் போதாது. அவரைத் திட்டாதீர்கள், தூரதேசத்து மருந்து சும்மா வராது. ஊரில் கேட்கலாமென்றால் அந்த வருஷம் சிப்பி ஏமாற்றிவிட்டது, எல்லார் வீட்டிலும் அதே பாடு.

கொற்றன் துறைத்தலைவர் அழிசியிடம் போய் நின்றான்.

"என் மூச்சு தீந்துபோச்சுய்யா."

"முப்பது வயசிலயா? சரி, குளிச்சுக் காட்டு."

படகில் ஏறும்போது கொற்றன் மெதுவாகச் சொன்னான்: "மச்சான், உன் தங்கச்சி கண்ணு உன் வாயிலதான் இருக்கு."

மூன்று முறை குளித்தான். மூன்று முறையும் இறங்கிய சுருக்கிலேயே கயிறு ஆடியது. சாத்தன் இழுத்தான். இழுக்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. மூச்சு முட்டியவன் கயிற்றைத் தாறுமாறாகப் பிடுங்குவான். இது நிதானமான ஒரே இழுப்பு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போல.

கரையில் ஊரே நின்றது. வெண்ணியும் யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாத்தா, கயிறு என்ன சொல்லிச்சு?" என்று அழிசி கேட்டார்.

மூச்சு தீர்ந்ததென்று சொன்னால் தங்கைக்குப் பார்வை வரும். கொற்றனோ ஆயுசுக்கும் கரையில் உட்காருவான், பானையும் காலி. நாளைக்கு என் கயிற்றை நம்பி எவன் இறங்குவான்? தீரவில்லையென்று சொன்னால் இவள் இருட்டிலேயே கிடப்பாள். சாத்தன் கரையில் நின்ற தங்கையை ஒருமுறை பார்த்தான்.

"மூச்சு நல்லாத்தான் இருக்குய்யா," என்றான்.

கொற்றன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இவனெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கூட்டத்தில் ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். தண்டம் போனாலும் போகட்டும் என்று கொற்றன் தன் பானையை உடைத்தான். அழிசி கண் கலங்கத்தான் செய்தார், ஆனாலும் மூன்றில் ஒரு பங்கை ஒரு முத்துக்கூடக் குறைக்காமல் பிரித்து மற்றப் பானைகளில் போட்டார்.

"என் பானையையும் எடுங்க," என்றான் சாத்தன். அதுவும் உடைந்தது, அதற்கும் அதே தண்டம். மிஞ்சியதை எடுத்துக் கொற்றன் பங்கோடு சேர்த்தான். வைத்தியருக்குப் போதுமானதாக இருந்தது. ஒரே நாளில் இரண்டு பேருடைய கிழவயதுச் சோறும் காலி.

இப்போது சொல்லுங்கள். பெண்டாட்டி கண்ணுக்காகக் கடலையே விடத் துணிந்து பொய் சொன்னான் கொற்றன். தங்கையை எதிரே வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லி, பிறகு தன் பானையையும் உடைத்தான் சாத்தன். இருவரிடமும் தயவு பார்க்காமல் தண்டம் பிடித்தார் அழிசி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

சாத்தன்தான். அழிசி செய்தது முறை, அவர் ஒருவனுக்கு விட்டுக்கொடுத்திருந்தால் அறையில் ஒரு பானை தங்கியிருக்காது. ஆனால் அதில் அவருக்கு எதுவும் குறையவில்லை. கொற்றன் பாசக்காரன், மறுக்கவில்லை. கடலைத்தான் கொடுக்கிறோம் என்று நினைத்தான், கொடுக்கப் பார்த்தது வெண்ணியின் சோற்றையும் சேர்த்து. உடைந்த பானைக்குப் பதில் வேறு பானை வைக்கலாம், குளிப்பவனுக்கு மூச்சும் கயிற்றுக்காரனுக்குப் பேரும் இருக்கிற வரைக்கும். சாத்தன் அந்த இரண்டையும் காப்பாற்றினான். நம்பாவிட்டால் வெண்ணியைக் கேளுங்கள். வைத்தியர் கண் கட்டை அவிழ்த்த அன்று முதலில் அவள் பார்த்தது, மச்சானோடு பேசாமல் வாசலில் உட்கார்ந்திருந்த புருஷனைத்தான். "நீ கரையில குந்தியிருக்கறதப் பாக்கவா எனக்குக் கண்ணு? எந்திரி, அங்க அண்ணன் கயித்தோட நிக்கான்," என்றாள்.