இருந்தது இருந்தபடி

எங்கள் சைபர் பிரிவில் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு தேறும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. யோசிக்கவும் அதுதான் வேண்டும் என்பதால் விடை கிடைத்ததில்லை. நான் இன்ஸ்பெக்டர். இருளப்பனும் சோலைமலையும் காவலர்கள்.

மரியபுஷ்பம் என்ற அம்மா மகளோடு ஓடிவந்தார். அவருடைய வாட்ஸப்பை ஒருவன் பிடித்துக்கொண்டு, ‘கல்யாணம் நின்றுவிட்டது, வர வேண்டாம்’ என்று சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தான். பணம் தந்தால்தான் நிறுத்துவானாம். மகளுக்கு மறுநாள் கல்யாணம்.

ஆளையும் அந்த அம்மாவே கண்டுபிடித்திருந்தார்: போனை ரிப்பேருக்கு வாங்கிய கடைக்காரன் நிர்மல். கடை எங்கள் ஸ்டேஷன் தெருவில்தான். நாங்கள் நுழைந்தபோது, ‘நான் எதுவும் செய்யல’ என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தான்.

பயிற்சியில் படித்ததில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: தடயத்தை இருந்தது இருந்தபடி கொண்டுவர வேண்டும்.

“அய்யா, ஒயரைப் புடுங்கலாமா?” என்றான் இருளப்பன்.

“கூடாது. ஓடிக்கிட்டே இருக்கணும்.”

“இவனும் டைப் அடிச்சிக்கிட்டே இருக்கானே?”

நெடுநேரம் யோசித்தேன். “அடிக்கட்டும்,” என்றேன்.

மைக் செட் கடையில் ஒயர்கள் வாங்கி ஒன்றோடொன்று செருகினோம். மேஜையைக் காவலர்கள் இருவரும், நிர்மலை நாற்காலியோடு நான்கு ஆட்டோக்காரர்களும் தூக்கினார்கள். பக்கத்தில் அரை டம்ளர் டீ இருந்தது. அவன் ஒரு வாய் குடித்தால் நான் அரை டம்ளருக்கு நிரப்பினேன்.

மகளின் போன் அலறிக்கொண்டே இருந்தது. “சார், எங்க சின்ன மாமனாருக்கும் அனுப்பிட்டான்! அவன் கையைப் புடிங்க!” என்று கத்தினாள்.

“தடயத்தைத் தொடக் கூடாதும்மா,” என்றான் சோலைமலை.

“தடயமா? நீங்கெல்லாம் சோறுதான் திங்கிறீங்களா?”

ஸ்டேஷன் வாசலில் அந்த அம்மா ஒயரைப் பிடுங்கிவிட்டார். திரை இருண்டது. நாங்கள் தொப்பியைக் கழற்றினோம். அம்மாவும் மகளும் அங்கேயே நின்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, கல்யாணம் உண்டு என்று சொல்லி முடித்தார்கள். பிறகு மரியபுஷ்பம் அந்த ஒயரை நிதானமாகக் கையில் சுற்ற ஆரம்பித்தார்.

நிர்மல் என் காலில் விழுந்தான். “சார், நான்தான் செஞ்சேன். எழுதிக்கிட்டு உள்ளே வைங்க!”

“அதெப்படி?” என்றான் இருளப்பன். “நாங்க வந்தப்ப ‘நான் எதுவும் செய்யல’ன்னுதானே சொன்ன? இப்ப மாத்தினா எப்படி? இல்லையா அய்யா?”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அவனை இருந்தபடியே நாற்காலியில் உட்காரவைத்து, இருந்த இடத்திலேயே வைக்கக் கடைக்கே திருப்பித் தூக்கினோம். மரியபுஷ்பமும் ஒயரோடு கூடவே வந்தார். வழியில் அவனுக்கு என்ன ஆனதென்று நான் சொல்ல முடியாது. நாற்காலியில் ஒரு கீறல்கூட விழவில்லை.