பெரிசைத் தேடி நசுக்கியவர்

"நசுக்க நசுக்க அதிகமாகுது அம்மா. செடிக்குள்ள ஏதோ பேய் இருக்கு."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது.

கொல்லைப்புறச் செம்பருத்தி அவர் மனைவி கோமதி நட்டது. அவள் போன பிறகு அவள் படத்துக்கு வேறு பூ வைத்ததில்லை மனுஷன். இப்போது அந்தப் பூவும் இல்லை. கிளையெல்லாம் மாவுப்பூச்சி, வெள்ளை வெள்ளையாக.

செடியைப் பார்க்க வந்திருந்தவர் அவருடைய குரு. அந்தப் பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஆவுடையப்பன் அம்மா என்றுதான் கூப்பிடுவார். ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவர்களுக்கு வேறென்ன வேலை.

அம்மா செடியைச் சுற்றி வந்தார்.

"எப்படி நசுக்குவீங்க?"

"குளிச்சதும் முதல் வேலை அதுதான். பெரிசு பெரிசாத் தேடிப் பிடிப்பேன். பெரிசுதானே குஞ்சு பொரிக்கும்?"

சொல்லும்போதே ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. மற்றதைவிட இரண்டு மடங்கு. உடம்பெல்லாம் வெள்ளை இழை. ஆவுடையப்பனின் கட்டைவிரல் பாய்ந்தது.

அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

பெரிசைக் கண்ணாடித் தம்ளரில் போட்டார். பூச்சி மொய்த்த கொழுந்து ஒன்றையும் கிள்ளிப் போட்டார்.

"பாருங்க."

உச்சி வெயில். காக்கைகூடக் கத்தவில்லை.

பெரிசு ஒரு சின்னதன்மேல் ஏறியது. சின்னது ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே வெறும் தோல் கிடந்தது.

பக்கத்தில் இருந்தது அதுபாட்டுக்குச் சாறு குடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் தோலானது.

ஆவுடையப்பன் தம்ளரை நெருங்கிக் குனிந்தார்.

"ஐயையோ, தன் இனத்தையே தின்னுதே!"

அம்மா பூதக்கண்ணாடியை நீட்டினார்.

"வாயைப் பாருங்க."

பார்த்தார். சின்னதுக்கு ஊசி வாய், தண்டில் குத்தியபடி. பெரிசுக்குக் கடிக்கிற வாய். அடியில் ஆறு கால், வேகமான கால்.

"இது... இது வேற பூச்சி அம்மா."

"பொறிவண்டோட புழு. இலையைத் தொடாது. அதுங்க மாதிரியே இருந்து அதுங்களைத் தின்னும்."

ஆவுடையப்பன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாவி, காவலுக்கு நின்னதையெல்லாம் நானே கொன்னுட்டேனே. கோமதி, கோமதி..."

அம்மா தம்ளரோடு அவர் பக்கத்தில் குந்தினார்.

"செடி பிழைக்குமா அம்மா?"

அம்மா தம்ளரை அவர் உள்ளங்கையில் கவிழ்த்தார். வெள்ளை உருவம் சதையை மோந்து மோந்து நகர்ந்தது. பசி அடங்கவில்லை போலும்.

"இவர்கிட்ட கேளுங்க. உங்க கைக்குத் தப்பினவர் இவர் ஒருத்தர்தான்."