குளியல் வீடியோ பார்த்த ஆம்பளைங்க

குழந்தை சோப்புக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்து மேனேஜர் பரசுராமன் குதித்தார். "குழந்தையைக் குளிப்பாட்டுற வீடியோ பார்க்கிறது முக்கால்வாசி ஆம்பளைங்க! சோப்பு வாங்குறது பொம்பளைங்கதானே? சாயங்காலத்துக்குள்ள இவங்களைப் பொம்பளைங்களா மாத்து. இல்லேன்னா நாளைக்கு வராதே."

கமெண்டுகளுக்குப் பதில் போடும் பெர்னதெத்துக்கு வீட்டில் கைக்குழந்தை. வேலையை விட முடியாது. "மாத்திடலாம் சார்" என்று ஒரே ஒரு கேள்வி போட்டாள்: 'உங்கள் குழந்தையின் தலை என்ன வாசம்?'

பதில்கள் குவிந்தன. 'தெரியலை, தோஹாவில் இருக்கேன்.' 'கப்பலில் இருக்கேன். போன்ல வாசம் வராதே.' 'மாசாமாசம் இங்கிருந்து உங்க சோப்பை வீட்டுக்கு ஆர்டர் போடுறேன், வாசம் மட்டும் தெரியாது.'

"எங்கேம்மா பொம்பளைங்க?"

"பொம்பளையா மாத்த முடியல சார், அப்பாவா மாத்திட்டேன். அங்கிருந்தே வீட்டுக்கு சோப்பு ஆர்டர் போடுறது இவங்கதான்."

"சரி, நாளைக்கு வா" என்று மேனேஜர் கிளம்பினார்.

கடைசிப் பதில் மஸ்கட்டிலிருந்து, அவள் புருஷன் போட்டது: 'பெர்னி, நம்ம குட்டிக்கு என்ன வாசம்? நீயே சொல்லேன்.'

அவள் எழுதி எழுதி அழித்தாள். வாசம் எழுத்தில் ஏறவில்லை.