கைராசிக்காரர் மாவு கரைச்ச கதை

ஏழு ஊர் தாண்டி எட்டாவதா ஒரு ஊரு, கூழாங்குளம்னு பேரு. அங்க ஒச்சம்மான்னு ஒருத்தி அண்ணன் வீட்ல இருந்தா. அண்ணி இருக்காளே, குடிக்கிற தண்ணியைக்கூடச் சொல்லிக் காட்டுவா. பொறுத்துப் பாத்தா ஒச்சம்மா, ஒரு நாள் ஏழுகுழிப் பணியாரச் சட்டியைத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்கே வந்துட்டா. "பத்து நாள்ல இதே வாசலுக்குத் திரும்பி வருவ"ன்னு அண்ணி சொன்னா. கடை ஓடலைன்னா அந்த வாசல்தான். பாவம், பயந்துக்கிட்டேதான் அடுப்பை மூட்டினா.

சந்தையில மந்திரமூர்த்தின்னு ஒருத்தர். புதுசா கடை போடுறவங்களுக்கு யோசனை சொல்றதுதான் அவருக்குத் தொழிலு. அவரு ஒரு கடையும் வச்சதில்ல, அது வேற!

"தாயீ, நான் கைராசிக்காரன். நான் போணி பண்ணினா கடை பிச்சுக்கிட்டுப் போகும். ஆனா ராசிக்காரன்கிட்ட காசு வாங்கினா ராசி போயிடும்"னாரு.

"அப்படியா அய்யா, எடுத்துக்கிடுங்க"ன்னா ஒச்சம்மா.

மொத நாள் ஒரு ஈடு, அதான் சட்டியில ஒருதரம் சுட்ட ஏழு பணியாரத்தையும், தின்னாரு. ரெண்டாம் நாள், "கடை வளரணும்னா போணியும் வளரணும் தாயீ"ன்னு ரெண்டு ஈடு தின்னாரு. மூணாம் நாள் மூணு ஈடு தின்னுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டே போனாரு. இருந்ததே ஆறு ஈட்டு மாவு! சிரிக்காதீங்கடா, அவ அழுதுக்கிட்டு நிக்கிறா.

பக்கத்துல மோர் விக்கிற குருவம்மா பாத்தா. "அழாத புள்ள, நான் ஒண்ணு சொல்றேன். மாவுல பச்சமிளகாயை நல்லா அள்ளிப் போடு. உன்கிட்ட தின்னவன் எங்கிட்ட ஓடி வருவான், எம் மோரைக் குடிச்சவன் இன்னும் ரெண்டு பணியாரம் கேப்பான்"னா. ஒச்சம்மா சரின்னு மிளகாயை நறுக்கி வச்சா.

நாலாம் நாள் காலையில சந்தை நெறைய ஜனம். வந்தாரு நம்மாளு.

ஒச்சம்மா கும்பிட்டு, "அய்யா, தின்னுற கைக்கே இம்புட்டு ராசின்னா, அது மாவு கரைச்சா எப்படிப் பொங்கும்! ஒருதரம் கரைச்சுக் குடுங்க"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னா.

முடியாதுன்னா ராசி பொய்யின்னு ஆயிடுமே? சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டுக் கரைச்சாரு. உடனே குருவம்மா, "எனக்கும் மோர் கடைஞ்சு குடுங்க"ன்னா. அவரு கடைஞ்சாரு, அந்த நேரத்துல ஒச்சம்மா மாவுல மிளகாயை அள்ளிப் போட்டா. அப்புறம் எண்ணெய்க்காரர் வந்து, "மாட்டுக்குக் கால் சுளுக்கு, உங்க ராசிக்கையால செக்கைத் தள்ளுங்க"ன்னு கூட்டிட்டுப் போனாரு. தள்ளினாரு, தள்ளினாரு, மத்தியானம் வரைக்கும் தள்ளினாரு!

கை ரெண்டும் கொப்புளம் போட்டு, பசியோட ஓடி வந்து நாலு பணியாரத்தை அள்ளி வாயில போட்டாரு. மிளகாய் பிடிச்சுக்கிச்சு. "மோரு, மோரு!"ன்னு குதிச்சாரு.

"குடிங்க. ஆனா போணி காலையிலேயே ஆயிடுச்சு, காசை வச்சுட்டுக் குடிங்க"ன்னா குருவம்மா.

அவரு காசை விட்டெறிஞ்சாரு, குடிச்சாரு, ஓடினாரு. அந்தப் பக்கம் தலையே காட்டல.

காரப் பணியாரமும் மோரும் சேந்து வித்துச்சு, ஏழுகுழிச் சட்டி இருபத்தொரு குழி ஆச்சு. பத்தாவது நாள் வரிசையைத் தாண்டி முன்னால வந்து யாரு நின்னா தெரியுமா? அண்ணி!

"ஒச்சு, எனக்கு ரெண்டு தாயேன்"னா.

"தரேன் அண்ணி, வரிசையில வாங்க"ன்னா ஒச்சம்மா.

யோசனை சொல்ல ஆயிரம் பேர் வருவாங்க கண்ணுகளா. நம்ம கூட அடுப்படியில நிக்கிறவங்க சொன்னா கேளுங்க. பணியாரமும் தீந்துச்சு, மோரும் தீந்துச்சு, கதைக்கு என்ன மிச்சம்? தூங்குங்க.