நினோ கேட்ட பாலாடைக்கட்டி

தாமரை, போர்வையை உதைக்காத. கதை வேணும்னா கண்ணை மூடிக்கணும், நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நான் குறட்டை விட ஆரம்பிச்சிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு ரொட்டிக் கடை இருந்துச்சு. கடைக்குப் பின்னாடி வீடு. ரெண்டுக்கும் நடுவுல யானை படுத்திருக்க மாதிரி ஒரு விறகு அடுப்பு. அந்த அடுப்புக்குச் சொந்தக்காரி ஒரு மாமியார். பேரெல்லாம் எதுக்கு உனக்கு? நல்லவதான், கொஞ்சம் ரோஷக்காரி. பாக்கவும் லட்சணமா இருப்பா.

"ம்."

அவ மகன் டாக்டருக்குப் படிக்க ஜார்ஜியாங்கிற தேசத்துக்குப் போனான். பனி கொட்டுற தேசம். போனவன் படிப்போட ஒரு பொண்ணையும் கட்டிக் கூட்டிட்டு வந்துட்டான். அவ பேரு நினோ.

"ஆச்சி, அது எங்கம்மா பேரு!"

ஏன், உலகத்துல ஒரே ஒரு நினோதான் இருக்கணுமா? பேசாமக் கேளு.

பேரைக் கேட்டதும் மாமியாருக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "வாசப்படி ஏறும்போதே நீயோ நானோங்குது பாரு"ன்னா. அதோட சரி, பேச்சு வார்த்தையே கிடையாது. எதாவது சொல்லணும்னா சுவத்தைப் பாத்துத்தான் சொல்லுவா. நினோ சமைச்சா தொட மாட்டா. "வயிறு சரியில்ல"ம்பா. ஆறு மாசமா ஒரு வயிறு சரியில்லாம இருக்குமா? இருந்துச்சு.

அப்போ மகன் என்னமோ பரீட்சைக்குப் படிக்கணும்னு சென்னைக்குப் போயிட்டான். நினோ தனியா உக்காந்து ஒரு முடிவு பண்ணா. எங்கம்மா சுடுற ரொட்டிய ஒரே ஒரு வாட்டி சுட்டுக் குடுப்பேன், அத்தை ஒரு வாய் தின்னா இங்க இருப்பேன், தின்னலைன்னா பிளேன் ஏறிருவேன்னு. பெட்டியை எடுத்துக் கட்டில் மேல திறந்தும் வச்சுட்டா, பாவம்.

அந்த ரொட்டிக்குப் பேரு காச்சாபுரி. உள்ள சீஸ் வச்சு மூடி அடுப்புல சுடுறது. "அத்தை, காச்சாபுரி சுடட்டுமா?"ன்னு கேட்டா. மாமியார் சுவத்தைப் பாத்து, "பூரிய எண்ணெயில போடுவாங்க, அடுப்புக்குள்ள எவளாச்சும் தள்ளுவாளா?"ன்னா. ஆனா வேண்டாம்னு சொல்லலை.

இப்போ சீஸ் வேணுமே! நினோ பேசுறது புத்தகத்துல படிச்ச தமிழு. அதுல சீஸுக்குப் பாலாடைக்கட்டின்னு போட்டிருந்துச்சு. பேசாம சீஸுன்னே கேட்டிருக்கலாம். அத்தை மெச்சணும், சுத்தத் தமிழ்லதான் பேசுவேன்னு அவளுக்கு ஒரு வீம்பு.

கிணிங் கிணிங்னு பால்காரர் வந்தாரு. "ஐயா, பாலாடைக்கட்டி கொண்டு வாருங்கள்"னா. அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போனாரு. மறுநாள் வாழையிலையில ஏதோ வச்சு, நார் போட்டு இறுக்கிக் கட்டிக் கொண்டாந்தாரு. பிரிச்சா, கொழகொழன்னு பாலு மேல படியிற ஆடை! "பாலாடையக் கட்டிக் கொண்டாந்துட்டேன் தாயி!"ன்னு சிரிக்கிறாரு மனுசன்.

"ம்."

அப்புறம் மளிகைக் கடைக்குப் போனா. அண்ணாச்சிக்குக் காது மந்தம். "பாலாடைக்கட்டி"ன்னு இவ கத்த, அவருக்குக் கடைசிப் பாதிதான் விழுந்துச்சு. "கட்டியா? தூளைவிடக் கட்டிதான் வாசம்"னு கட்டிப் பெருங்காயத்தைப் பொட்டலம் கட்டிக் குடுத்துட்டாரு. நினோ மோந்து பாத்தா. ஹச்! ஹச்! ஹச்!

வேற வழியில்லாம மாமியார்கிட்டயே போய் நின்னா. அழுகை முட்டுது, வார்த்தை முழுசா வரலை. "அத்தை... எனக்கு... பாலாடை..." அவ்வளவுதான்.

மாமியார் புடைச்சுக்கிட்டிருந்த சொளகு தொப்புன்னு விழுந்துச்சு. ஏன்னு கேளு. கைப்புள்ளைக்குப் பால் ஊத்துற மூக்கு வச்ச சின்னக் கிண்ணம் இருக்குல்ல, அதுக்கும் பாலாடைன்னுதான் பேரு. மருமக அதைக் கேக்குறான்னா? தட தட தடன்னு ஓடுனா. பரண்ல ஏறுனா. தன் மகனுக்குப் பாலூட்டுன வெள்ளிப் பாலாடையை எடுத்து, விபூதி போட்டுத் தேய்ச்சு, நினோ கையில வச்சு, "எத்தனை மாசம்டி?"ன்னா. ஆறு மாசத்துல மூஞ்சியப் பாத்துப் பேசுன முதல் பேச்சு அது.

நினோவுக்கு மூஞ்சி செவந்துருச்சு. "குழந்தை இல்லை அத்தை. ரொட்டிக்கு. பாலாடைக்கட்டி"ன்னா. மாமியாருக்குப் பொசுக்குன்னு போயிருச்சு. விறுவிறுன்னு திரும்புனவ கண்ணுல கட்டில் மேல இருந்த அந்தப் பெட்டி பட்டுச்சு. மடிச்சு வச்ச துணி, மேல நினோவோட அம்மா படம்.

"எங்கடி கெளம்புற?"

"நான் சமைப்பதை நீங்கள் ஒரு வாய்கூட உண்ணவில்லையே, அத்தை"ன்னு நினோ விக்கி விக்கி அழுதா. அப்போ நான்... அந்த மாமியாரும் அழுதுட்டா. வெளிய காட்டுவாளா? மூக்கைச் சிந்திட்டு, "அந்தக் கட்டி எப்படி இருக்கும்? சொல்லித் தொலை"ன்னா.

"பாலில் புளிப்பு விட்டால், தண்ணீர் தனியே போகும், வெள்ளை தனியே நிற்கும்..."

"அட கூறுகெட்டவளே, திரிஞ்ச பாலு! கோடையில வாரத்துக்கு ரெண்டு வாட்டி சாக்கடையில ஊத்துறேன். இதுக்கா இம்புட்டுப் பாடு!"

அப்புறம் என்ன? பால் தளபுளன்னு கொதிச்சுச்சு, எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சாங்க. திரிஞ்சதைத் துணியில கட்டி, மேல அம்மிக் குழவியை வச்சாங்க. சொட்டு... சொட்டு... நினோ மாவு பிசைஞ்சா, பால்காரர் கொண்டாந்த ஆடையையும் அதுலயே போட்டா. மாமியாருக்குக் கை சும்மா இருக்குமா? சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அண்ணாச்சி பெருங்காயம் எல்லாத்தையும் சொய்ங்ங்னு தாளிச்சு சீஸு மேல கொட்டிட்டா.

"எங்கள் ஊரில் இப்படி இல்லை, அத்தை."

"எங்க ஊர்ல இப்படித்தான். தட்டை நீயே அடுப்புக்குள்ள தள்ளு. கையைச் சுட்டுக்காத."

வெந்து வந்துச்சு பாரு, புஸ்ஸுன்னு, பொன்னு நிறத்துல! மாமியார் ஒண்ணைப் பிச்சு வாயில போட்டா. உஸ்... உஸ்... சூடு. ரெண்டாவது எடுத்தா. மூணாவதுக்குக் கை நீட்டுனப்போ, நினோ பயந்து பயந்து, "வயிறு?"ன்னு கேட்டா.

"இப்பத்தான் சரியாச்சு"ன்னா மாமியார்.

பெட்டி பரணுக்குப் போயிருச்சு. நினோ வெள்ளிப் பாலாடையைத் திருப்பிக் குடுத்தா, மாமியார் வாங்கலை. "வச்சுக்க. அவசரமில்ல"ன்னா. ரெண்டு வருசம் அது அடுக்களை மாடத்துலயே இருந்துச்சு. அப்புறம் ஒரு ஆவணி மாசம் மறுபடி விபூதி போட்டுத் தேய்ச்சாங்க. அதுல பால் குடிச்ச புள்ள சரியான வாலு. பல்லு முளைச்சதும் கிண்ணத்தோட மூக்கைக் கடிச்சு நெளிச்சு வச்சிருச்சு.

"ஆச்சி... நம்ம கிண்ணமும் நெளிஞ்சுதான இருக்கு?"

காலையில உங்கம்மாகிட்டக் கேளு. ரொட்டி வெந்தாச்சு, அடுப்பும் அவிஞ்சாச்சு, கதையும் ஆறிப்போச்சு. தூங்குடி தங்கம்.